மேடை ஏறாத மருமகள்

பஸ்ஸை விட்டு இறங்கிய மல்சுன், ஊர் முகப்பில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே தன் பெயர் தொங்குவதைப் பார்த்தாள். 'ஹன்சில் ஊரின் பெருமை. நல்ல மருமகள் விருது பெறும் திருமதி மல்சுனுக்கு வாழ்த்துகள்.' கீழே குலச் சங்கத்தின் பெயர். யாராவது பிள்ளை அரசாங்கப் பரீட்சையில் தேறினால்தான் அந்த ஊரில் இப்படித் துணி கட்டுவார்கள்.

"என்ன, எழுத்து எதாவது தப்பா இருக்கா?" என்றபடி தள்ளுவண்டியோடு வந்து நின்றாள் பக்கத்து வீட்டு ஓக்பூன். வண்டியில் வெங்காயத்தாள் குவிந்திருந்தது. "ஆப்பிள் திருவிழாவுக்குக்கூட இவ்வளவு பெருசா கட்டினது இல்லை. உன் பேரைக் கட்ட ரெண்டு ஏணி வேண்டியிருந்தது."

"யாரு கட்டச் சொன்னது?"

"உன் பெரியத்தான்தான். சியோல்லேர்ந்து போன் மேல போன். எட்டாம் தேதி, பெற்றோர் தினத்துல, மண்டபத்துல கொடுக்கறாங்களாம். நல்ல பட்டுத்துணி ஏதாவது இருக்கா, இல்லை இந்தக் கால்சட்டையோடயே மேடை ஏறப் போறியா?"

மல்சுன் சிரித்து வைத்தாள். கையில் எலும்பு ஆஸ்பத்திரிப் பை. அதில் இருந்த படத்தைக் காட்டி, கீழ் முதுகெலும்பு ஒன்று நழுவி நரம்பை நசுக்குகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மாதமே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் இடது கால் நிரந்தரமாக இழுக்கும். செய்துகொண்டாலும், இனி யாரையும் தூக்கக் கூடாது.

யாரையும் என்றால் ஒரே ஒருத்திதான், அவளுடைய மாமியார் பூன்னியோ. தொண்ணூற்றொரு வயது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து ஆறு வருடமாகிறது. புத்தி மட்டும் கத்தி மாதிரி இருந்தது.

மல்சுன் அந்த வீட்டின் இரண்டாவது மருமகள். மூத்த மகன் தேஷிக்கைப் படிக்க வைக்க நல்ல வயலெல்லாம் விற்றுப் போனது. மிஞ்சிய மேட்டு நிலத்தோடும் அம்மாவோடும் ஊரில் தங்கியவன் அவள் புருஷன். அவன் ஈரல் கெட்டுச் செத்தான். கருமாதி முடிந்து மூத்தவர் சியோலுக்குக் கிளம்பும்போது யாரும் எதுவும் பேசவில்லை, முடிவு செய்யவுமில்லை. கிழவி இருந்த இடத்தில் இருந்தாள், மல்சுனும் இருந்தாள்.

கிழவி விழுந்த பிறகு மல்சுன் டவுனுக்குப் போய்ப் பராமரிப்புப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினாள். சான்றிதழ் இருந்தால் சொந்த வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்கும் அரசாங்கம் ஊதியம் தரும். அது நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு. மீதி இருபத்துமூன்று மணி நேரம் பிள்ளைக் கடன்.

தன்னால் இனி முடியாது என்று போன மாதமே அவள் தேஷிக்கிடம் போனில் சொல்லிவிட்டாள். டவுனில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை காலியாகிறது, மே எட்டு வரை நமக்காக வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொன்னாள். 'யோசிச்சுச் சொல்றேன்' என்றார். இந்தத் துணிதான் அவர் யோசித்தது.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தாள்.

"பேனரைப் பார்த்தியாம்மா?" குரலில் குதூகலம்.

"பார்த்தேன் அத்தான். அந்தப் படுக்கை விஷயம்..."

"விருதை வாங்கு முதல்ல. ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பேசலாம். வாங்கின கையோட அம்மாவைக் கொண்டுபோய் ஹோம்ல போட்டா குலத்துக்காரங்க முகத்துல நான் எப்படி முழிக்கறது? சங்கத்துக்குத் துணைத்தலைவரா என்னைப் போடலாம்னு பேச்சு வேற இருக்கு."

"என் கால் இழுக்குது அத்தான்."

"எனக்குந்தான் முட்டி வலி. வயசானா வர்றதுதானே? அதோட நீ ஒண்ணும் சும்மா செய்யலையே. கவர்மென்ட் சம்பளம் கொடுக்குது. எந்தக் காலத்துலம்மா மருமகளுக்குச் சம்பளம் கொடுத்தாங்க?"

"அப்ப ஆபரேஷன் முடியற வரைக்கும் நீங்க கூட்டிட்டுப் போங்க."

"பதினாலாவது மாடிம்மா. அம்மாவுக்கு உயரம்னா பயம்."

படுத்த இடத்திலேயே கிடப்பவளுக்கு மேடென்ன, பள்ளமென்ன. மல்சுன் போனை வைத்தாள். பூசானில் இருக்கும் மகளுக்கு அடித்தாள். மகள் சுருக்கமாகப் பேசுகிறவள். "கூட்டிட்டுப் போய் விடும்மா. இப்பவே சொல்லிடறேன், உனக்கு நான் இதெல்லாம் செய்ய மாட்டேன்." "செய்யாதே" என்றாள் மல்சுன். அன்றைக்கு அவள் கேட்டதில் நல்ல பேச்சு அது ஒன்றுதான்.

மறுநாள் காலை உடம்பு துடைக்கும்போது மாமியாரிடம் பேச்சை எடுத்தாள். திருப்பிப் படுக்க வைப்பதற்குள் இடுப்பிலிருந்து குதிகால் வரை சுரீரென்று இழுத்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விருது தர்றாங்களாமே உனக்கு" என்றாள் கிழவி. "எனக்கும் கொடுத்தாங்கடி. பித்தளையில பெரிய கிண்ணம். உன் மாமனார் கடைசி வரைக்கும் அதுலதான் கோழை துப்பினாரு."

"அத்தை, எட்டாம் தேதி டவுன் ஹோம்லேர்ந்து வண்டி வரும். என்னால உங்களைத் தூக்க முடியலை."

கிழவி கூரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அந்தக் காலத்துல பெத்தவளை முதுகுல சுமந்துட்டுப் போய் மலைமேல விட்டுட்டு வருவானுங்கன்னு கதை சொல்லுவாங்க. உனக்கு முதுகு போயிடுச்சு. அதான் வண்டி வருது."

மல்சுனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிழவியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அதுவும் சிரிப்பாக இருக்கலாம்.

"மூத்தவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னான்?"

"பேனர் கட்டினார்."

"அவன் நல்லவன்" என்றாள் கிழவி. "உனக்குத்தான் பொறுமை பத்தலை." மதியம் கஞ்சியைக் கொண்டுபோனபோது வாயைத் திறக்கவில்லை.

எட்டாம் தேதி காலை தேஷிக்கும் அவர் மனைவியும் காரில் வந்து இறங்கினார்கள். இருவரும் விழாவுக்கான பட்டுடையில். அவள் கையில், பெற்றோர் தினத்தில் பெற்றவர்களுக்குக் குத்திவிடும் கார்னேஷன் பூ ஒரு கூடை. அம்மாவின் மார்பில் ஒரு பூவைக் குத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். முறுக்கிக்கொண்ட வலது கை தெரியாமல் போர்வையை இழுத்துவிட்டு இன்னொரு படம்.

"நீ இன்னும் துணி மாத்தலையா மல்சுன்?" என்றாள் மூத்தவர் மனைவி.

"பன்னண்டு மணிக்கு வண்டி வருதுக்கா. நான் வரலை."

"வண்டியைத் திருப்பி அனுப்பிடலாம்" என்றார் தேஷிக், பூவைச் சரி செய்தபடி. "அம்மாவையும் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். மேடையில அம்மா உன் பக்கத்துல இருந்தா எல்லாருக்கும் கண்ணு கலங்கிடும். சக்கர நாற்காலியில உட்கார வை."

"நீங்க வைங்க அத்தான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்து, அம்மாவின் விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தக் கையை இழுக்காதீங்க. தோள் கழண்டுடும். ஒரு கையைத் தோளுக்கு அடியில கொடுங்க, இன்னொண்ணு முழங்காலுக்கு அடியில."

அவர் போர்வையை விலக்கிக் கையைக் கொடுத்தார். கொடுத்த வேகத்தில் உருவிக்கொண்டார். வாடை எழுந்தது. கிழவி கண்ணை மூடிக்கொண்டாள்.

தேஷிக் மனைவியைப் பார்த்தார். மனைவி பூக்கூடையைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேரும் மல்சுனைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் நீ..."

"இல்லை அத்தான், இன்னைக்கு நீங்க. வெதுவெதுன்னு தண்ணி இருக்கு. துணி மேல தட்டுல. முன்னாலேர்ந்து பின்னால துடைக்கணும்."

"விழாவுக்கு நேரமாச்சேம்மா." அவர் கையை விரித்துப் பிடித்தபடி குழாயடிக்குப் போனார். நிறையச் சோப்புப் போட்டுக் கழுவினார். வாசலில் செருப்பைப் போடும்போது, "உனக்குப் பதிலா நானே வாங்கிக்கறேன். வந்து பேசிக்கலாம்" என்றார். கார் போய்விட்டது.

மல்சுன் காலை இழுத்துக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினாள். கிழவி கண்ணைத் திறக்கவே இல்லை.

"பார்த்தீங்களா அத்தை?"

"ஆம்பளைப் பிள்ளை. அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்" என்றாள் கிழவி.

வண்டியோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். விரிப்பை அடியில் கொடுத்து, ஒன்று இரண்டு என்று எண்ணி ஒரே தூக்கில் படுக்கையிலிருந்து எடுத்தார்கள். ஆறு வருடம் தனியாகத் தூக்கியவள் ஓரமாக நின்று பார்த்தாள். ஊரே மண்டபத்தில் இருந்ததால் தெருவில் நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. வண்டி ஊர் முகப்பில் அவள் பெயர் தொங்கிய துணிக்கு அடியில்தான் போனது.

மண்டபத்தில் நடந்ததை ஓக்பூன் பிற்பாடு சொன்னாள். தேஷிக் மேடையேறி, 'என் தம்பி மனைவி ஒரு நிமிஷம்கூட அம்மாவை விட்டு நகர மாட்டா. அதனால்தான் இங்கே வரலை' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். முன்வரிசைப் பெரியவர்கள் அழுதார்களாம். "நானும் அழுதேன்னு வச்சுக்கோ" என்றாள் ஓக்பூன். "உன்னை நினைச்சு இல்லை. என் மருமகளை நினைச்சு."

விழா முடிந்து வீடு திரும்பிய தேஷிக் வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு, அம்மாவோடு டவுனுக்குப் போயிருந்த மல்சுனிடம் "மானத்தை வாங்கிட்டே" என்று போனில் கத்தினார். பரிசு ஒரு மின்சாரச் சூட்டு விரிப்பும் பெயர் பொறித்த பலகையும். விரிப்பை எடுத்துக்கொண்டு போனார். பலகையை விட்டுவிட்டார், அதில் மல்சுன் பெயர் இருந்ததே.

ஊர்ப் பெண்கள் கூடிச் சாப்பிடும் முதியோர் கூடத்தில் சூப் பாத்திரம் அவள் பக்கம் வருவது நின்றது. அவள் உட்கார்ந்தால் சீட்டாட்டம் முடிந்துவிடும். அதே பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்வாசல் வழியே வந்து, "எனக்கில்லை, சொந்தத்துல ஒருத்தர் கேட்டாங்க" என்று அந்த இல்லத்தின் போன் நம்பரை வாங்கிப் போனார்கள்.

அறுவை முடிந்து, இடுப்புப் பட்டையோடு கோடை கழிந்தது. கால் முழுசாகத் திரும்பவில்லை. டாக்டரிடம் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டாளாம். இலையுதிர் காலத்தில் ஓக்பூன் தன் முற்றத்தில் காயவைத்த மிளகாயின் மேல் அந்தப் பேனரைப் போர்த்தியிருந்தாள். "மழைத்தண்ணி துளிகூட உள்ளே இறங்காது. நல்ல துணி" என்றாள்.

நடக்க முடிந்ததும் மல்சுன் இல்லத்துக்குப் போனாள். முதலில் போர்வையைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தாள், அப்புறம் இடுப்பு, முதுகின் அடி. எங்கேயும் சிவக்கவில்லை, படுக்கைப் புண் இல்லை. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். முறுக்கிய வலது கையில் மட்டும், விரல் மடங்காமல் இருக்க வைக்கும் துணிச் சுருள் இல்லை. நகம் உள்ளங்கையில் பதிந்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நகம் வெட்டி, துடைத்து, கைக்குட்டையைச் சுருட்டி உள்ளே வைத்தாள்.

பக்கத்துக் கட்டில் கிழவி எக்கிப் பார்த்தாள். "யாரு இது, மகளா? இவ்வளவு பதமா செய்யறாளே."

பூன்னியோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு மக கிடையாது. மகன் சியோல்ல இருக்கான். இவ வேலைக்கு இருந்தவ. கவர்மென்ட் சம்பளம் கொடுத்துச்சு."

மல்சுன் நகத்துணுக்குகளைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டாள். வெளியே வரும் வழியில், கையில் சுருள் வைக்க வேண்டும், காலையும் மாலையும் மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நின்றாள்.