ஜன்னலைச் சாத்தி வரைந்த படம்

ஓவியக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்து கோடை விடுமுறைக்கு அரியலூர் வந்தபோது எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. பழைய முறையில் ஓர் எண்ணெய் வண்ணப் படம் வரைந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். முதலில் பழுப்பில் ஒரு பூச்சு. அது காய்ந்ததும் வெள்ளையும் கறுப்புமாக ஒளி, நிழல். அதுவும் காய்ந்த பிறகுதான் எண்ணெய் கலந்த மெல்லிய வண்ணங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றும் காய நாலைந்து நாள் ஆகும்.

எங்கள் வீட்டில் வெளிச்சம் விழும் அறை ஒன்றுதான். அங்கேதான் அப்பாவின் கட்டில். சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றியே மூச்சிழுப்பு வந்து, வேலையை விட்டு, ஜன்னலோரம் சாய்ந்தபடியே கிடந்தார். வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலை. என் முதல் பூச்சு காய்வதற்குள் அதன்மேல் தூசி படிந்து உப்புத்தாளாகச் சொரசொரத்தது. சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை கண்ணாடி ஜன்னலைச் சாத்திவிட்டேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். அது மே மாதம்.

தூசி வராவிட்டால் அவருக்கும் நல்லதுதானே என்று அம்மாவிடம் வாதாடினேன். அவருக்கு வேண்டியிருந்தது காற்று. மூடிய அறையில் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடி வேறு. அம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தால் அப்பா கையமர்த்திவிடுவார். செம்பு, பரங்கிக்காய், அவருடைய டிபன் பாக்ஸ் மூன்றையும் வரைவதற்காக மேசையில் வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். குழம்பில் போட வேண்டியதைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாளே என்று கேலி செய்வார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். ஆனாலும் தினமும் கேட்பார்.

"காஞ்சிருச்சா பாப்பா?"

இன்னும் இல்லைப்பா என்பேன்.

சாம்பலாக இருந்த பரங்கிக்காய் மேல் மஞ்சள் ஏறி, அதன் மேல் சிவப்பு ஏறி, உள்ளிருந்தே வெளிச்சம் வந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. அப்பாவின் உதடு நீலம் பாய்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறம் பார்ப்பதுதானே என் படிப்பு. பார்த்தேன்.

ஒரு காலையில் அவருக்கு மூச்சு முட்டியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் நாற்காலியோடு தூக்கினார்கள். வாசலில் ஆட்டோ நின்றது. அம்மா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். வெளியே லாரி ஒன்று போனது. அப்பா கையை ஆட்டி அவர்களை நிற்கச் சொன்னார்.

"சன்னல மூடு. புள்ள படம் இன்னும் காயல."

அம்மா மூடினாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

படம் காய்ந்து நாலு நாள் ஆகியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்திருந்தேன், எனக்குத் தெரியும். நிழலுக்கு இன்னொரு பூச்சு கொடுக்கலாமா என்ற யோசனையில் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் அதற்காகத் திரும்ப மூட வேண்டுமே என்று, அவர் கேட்டபோதெல்லாம் இல்லை என்றே சொல்லிவந்தேன்.