விரல் நுனிக்கு வராத லாரி

போராட்டத் தொழிலில் தொண்டை போகும், வேலை போகும், சொந்தக்காரர்கள் போவார்கள். கையும் போகும் என்று எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் போடவில்லை. தோட்டத்து கேட் முன்னால் வெயிலில் கத்திக் கெட்டுப்போன தோழர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

காதர் பாய் கடை கிளாஸ்

யோங் பெங் ஊரில் காதர் பாய் டீக்கடையில், தொழிற்சங்கத் தலைமையகம் எங்கள் தோட்டக் கிளையை முதலாளிகளிடம் விற்ற கதையை வழக்கம்போல் ஆரம்பித்தேன். பாதிக் கதையில் இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ கிளாஸ் விரல்களிலிருந்து நழுவி உடைந்தது. அந்த வாரம் அது முதல் கிளாஸ் அல்ல. பாய் துடைப்பத்தோடு வந்தார்.

"அண்ணே, எதிர்க்கிறதுன்னா பெரிய முதலாளியா பாருங்க லா. நான் சின்ன முதலாளி."

தலைமையகமும் கிளையும்

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாம் சோதித்துவிட்டு, தசையை இயக்கும் நரம்புகளில் நோய் என்றார். முதுகுத்தண்டில் இருக்கும் நரம்புச் செல் விரல்வரை நீளமாக இழை விட்டிருக்கிறதாம். நுனிக்கு வேண்டிய சரக்கு செல்லில் தயாராகி, இழைக்குள் தண்டவாளம் மாதிரிப் பாதையில் போகும். கழிவு அதே வழியில் திரும்பும். இந்த நோயில் அந்தப் போக்குவரத்து சிக்கிக்கொள்கிறது. தூரத்து நுனி பட்டினியில் வாடுகிறது. அதுதான் மூலமா, நோயின் விளைவா என்று இன்னும் முழுதாகத் தெரியாதாம்.

எனக்கு உடனே விளங்கியது. தலைமையகத்தில் எல்லாம் இருக்கும், கிளைக்கு ஒன்றும் வராது. "யாரம்மா வேலைநிறுத்தம்? கோரிக்கை என்ன?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஸ்ட்ரைக்கா இருந்தா பேசித் தீர்த்திருப்போம், அங்கிள். இங்க யார்கூடப் பேசறதுன்னே தெரியல."

பெக்கோக் கேட்

பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பழைய லயன் வீடுகளை இடிக்க நாள் குறித்துவிட்டார்கள். மாற்று வீடு பற்றிப் பேச்சே இல்லை. மறியலை நடத்த நான்தான் போவேன் என்று அடம்பிடித்தேன். பழைய தோழர் சவரிமுத்து காரில் கூட்டிப்போனார். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்: முஷ்டி உயர்ந்தால் கோஷம், விரித்த கை தாழ்ந்தால் எல்லோரும் உட்கார வேண்டும்.

மண்வாரி இயந்திரம் ஏற்றிய லாரி வந்தது. முஷ்டியை உயர்த்தப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை, கை விரிந்தபடியே விழுந்தது. சனம் மொத்தமும் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது! லாரி நின்றது, அதன் பின்னால் ஆலைக்கு எண்ணெய் எடுக்கப் போகும் செம்பனைக் குலை லாரிகளும் நின்றன. குலை வெயிலில் கெட ஆரம்பித்ததும், தோட்ட மேனேஜர் ஆபீஸிலிருந்து குடையோடு இறங்கி வந்து, மாற்று வீடு கொடுக்காமல் இடிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார். சவரிமுத்து என்னைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினார்.

"கை நல்லா இருந்தப்ப ஒரு சைக்கிளைக்கூட நீங்க நிறுத்தினதில்ல, அண்ணே."

என் நரம்பிழைக்குள் எங்கேயோ சிக்கிக் கிடக்கும் லாரிக்காகத்தான் இன்னும் எந்த மேனேஜரும் குடை பிடித்து இறங்கி வரவில்லை.