முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும் நர்சம்மா

ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. எழுபது வயதுக்கு மேல் எழுத்து கற்றவன் நான். மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எழுத்துள்ள சுவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. பேருந்தின் பலகை, அரிசி மண்டியின் பெயர், மருந்துக் கடை என்று எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அன்றும் அப்படித்தான் நின்றேன். ச, கு, ந், த, லா. எங்கேயும் தடுக்கவில்லை. ஒரு பெயரை முழுதாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் படத்தையும் அதற்கு மேலிருந்த 'கண்ணீர் அஞ்சலி'யையும் பார்த்தேன். நம் நர்சம்மா.

உங்களில் பலருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். தொண்ணூறுகளில் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நெசவுத் தெருக்களில் வீடு வீடாக வருவார். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஊசியைக் கண்டதும் உடம்பை இறுக்கிக்கொள்வோம். அவரும் முள்ளிப்பட்டில் தறி வீட்டில் பிறந்தவர். எங்களை எப்படி ஏமாற்றுவது என்று அவருக்குத் தெரியும். ஊசியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "அண்ணே, இழ அறுந்துடுச்சு பாருங்க" என்பார். பட்டு நெய்கிறவனுக்கு அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும். மிதியிலிருந்து இரண்டு காலும் தாமாக மேலே எழும். தொடர்ந்து மிதித்தால் பக்கத்து இழைகளும் போய்விடும் என்ற பயம் எங்கள் உடம்பில் அப்படி ஊறியிருந்தது. கால் எழுந்து, கண் அறுந்த இடத்தைத் தேடும் நேரத்துக்குள் ஊசி போட்டு முடிந்திருக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் வயதானவர்களை வேனில் ஏற்றிச் சுற்றுலா அழைத்துப் போகத் தொடங்கினார். அதில் அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். "நான் முன்னால போய்ப் பாத்துட்டு வர்றேன். நான் வந்து சொன்னாதான் எறங்கணும்." கோயிலோ, அருவியோ, அணையோ, முதலில் அவர் தனியாகப் போவார். நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் நடை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நாங்கள் வேனிலேயே உட்கார்ந்திருப்போம். ஒருமுறை ஓர் ஆற்றுப் படித்துறையைப் பார்க்கப் போனவர், புடவை நுனி நனைந்து திரும்பி வந்தார். "இங்க வேணாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. என் தறித்தோழர் கோவிந்தன் ஊர் வந்து சேரும்வரை புலம்பினார். "இன்னா நர்சம்மா, ஒண்ணுமே நடக்கலியே?" என்று இறங்கும்போது கேட்டார். "நடக்கலல்ல, அதான்" என்றார் நர்சம்மா.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து, படவேட்டைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒருவர் நாலு சக்கர பைக் விட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். கார் மாதிரி சக்கரம், பைக் மாதிரி கைப்பிடி, காட்டுப் பாதையில் ஒரு சுற்று. எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. வாழ்நாள் முழுக்கக் காலால் மிதித்தவன் நான். ஆனால் மிதித்து எங்கேயும் போனதில்லை. சைக்கிள்கூடப் பழகவில்லை. மகனுடைய மொபெட்டைத் தொட்டால், "நைனா, கைய எடு" என்பான். சாவதற்குள் ஒரு வண்டியை நானே ஓட்டிவிட வேண்டும் என்று நர்சம்மாவிடம் கெஞ்சினேன்.

"நமக்கு ஆவுமா ஆவாதான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

மார்கழிக் காலை. மலையிலிருந்து பனி இறங்கி, பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நர்சம்மா அந்த வண்டிக்காரரைப் போட்டுக் குடைந்தார். "ஏர்றதுக்குக் கால எவ்ளோ தூக்கணும்? நடுவுல ஒண்ணுக்கு வந்தா நிப்பியா? உழுந்தா தூக்கறது யாரு?" பிறகு அவர் பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனார். வண்டிச் சத்தம் தேய்ந்து, அடங்கி, வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பனிக்குள் யாரோ இருமுவதுபோல் மறுபடி கேட்டது. வந்து இறங்கியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"குலுக்கல் கெடக்கட்டும். ஓட்டறது எப்பிடி?"

"கட்டைவெரல அழுத்துனா போவும்மா. கால மிதிச்சா நிக்கும். அவ்ளோதான்."

நர்சம்மா எஞ்சினை அணைக்கச் சொல்லி, நின்ற வண்டியில் எங்களை ஒவ்வொருவராக ஏற்றி, காலை மிதியில் வைக்கச் சொன்னார். பின்னால் போய் நின்றுகொண்டு, "இழ அறுந்துடுச்சு" என்று கத்தினார். கோவிந்தனின் கால் எழுந்தது. அடுத்தவர் காலும் எழுந்தது. என் முறை வந்தபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன சொல்லப் போகிறார் என்று தெரிந்தும் என் கால் என்னைக் கேட்காமல் எழுந்துகொண்டது.

"பாத்தியா தம்பி, இவங்க பயந்தா நிக்க மாட்டாங்க. பறப்பாங்க" என்று வண்டிக்காரரிடம் சொன்னார். "இந்தச் சுத்துலா நமக்கு ஆவாது. எல்லாரும் வேன்ல ஏறுங்க."

நான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. என் கண் கலங்கியதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"இன்னாண்ணே பேஜார் பண்றீங்க" என்றவர், பக்கத்தில் கிடந்த தரிசு நிலத்தைக் காட்டினார். "ஒரே ஒரு தடவ. நான் முன்னால நடப்பேன். நடக்கற வேகத்துலயே பின்னால வரணும்."

"கல்யாண ஊர்கோலம் போவுது" என்று வேனுக்குள்ளிருந்து கோவிந்தன் கத்தினார். வண்டிக்காரர் எஞ்சினை முடுக்கிவிட, கட்டைவிரலை அழுத்தினேன். வண்டி நகர்ந்தது. நான் நகர்த்தினேன். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பனிக்குள் எனக்கு முன்னால் நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவை, துணிப்பை, இழுத்து நடக்கும் இடது கால். வேன் மறைந்தது. அந்த முதுகு மட்டும் இருந்தது. வெகுதூரம் போனோம். புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த இடத்தில் அவர் திரும்பாமலே வலது கையைத் தூக்கினார். நான் மிதித்தேன். வண்டி நின்றது.

"அண்ணே! எவ்ளோ நேரமா கத்திகினு இருக்கேன், காதுல உழலியா?"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன். நர்சம்மா ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடி, பனிக்குள்ளிருந்து நொண்டிக்கொண்டு வந்தார். "கெளம்புன எடத்துலயே வார் அறுந்துபோச்சு. ஒரு கல்லுமேல குந்திட்டேன். நீங்க பாட்டுக்குப் போறீங்க."

முன்னால் பார்த்தேன். யாரும் இல்லை. புல் அசையவில்லை. இறங்கி அந்தப் புல்லை விலக்கினேன். முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித் தரை இல்லை. சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு. என் கால் பட்டு ஒரு கல் உருண்டது. அது தண்ணீரில் விழுந்த சத்தம் மிகவும் தாமதமாக வந்தது. ஓடிவந்த வண்டிக்காரர், இங்கே கிணறு இருப்பதே தனக்குத் தெரியாது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நர்சம்மா கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யாரப் பாத்து நிறுத்துனீங்க?"

"உங்களத்தான் நர்சம்மா. முன்னால போனீங்களே. கையக் காட்னீங்க."

"திரும்பிப் பாத்தேனா?"

"இல்லீங்க."

"அது வரைக்கும் நல்லது. திரும்பிப் பாத்தா கூடவே கூப்புடுதுன்னு சொல்லுவாங்க" என்றார். "கையக் காட்டுனது நான்தான்னா அப்போ சரி. வாங்க போவலாம்." வேனில் வரும்போது வழிநெடுக அவர் தம் வலது கையை மடியில் வைத்து, அது யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார். அன்று கோவிந்தன் ஒன்றும் கேட்கவில்லை.

நான் அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். பயந்திருந்தால் என் கால் எழுந்திருக்கும், வண்டி போயிருக்கும். அந்தக் கையைப் பார்த்தபோது எனக்குப் பயமே வரவில்லை. நர்சம்மா நிற்கச் சொன்னார், நின்றேன். அவ்வளவுதான்.

சாவு வீட்டில் அவருடைய மகள், "அம்மாவோட பொருள் எதுனா வேணுமா பெரியப்பா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து எனக்குச் சேர வேண்டியது அந்தப் பனியிலேயே வந்துவிட்டது. அது ஒரு முதுகு. சுவரொட்டியைப் படித்த நாளிலிருந்து, மாலையில் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கும்போது எனக்குச் சற்று முன்னால் நீலக் கரை போட்ட ஒரு வெள்ளைப் புடவை, இடது காலை இழுத்துக்கொண்டு போகிறது. நான் முந்துவதில்லை, கூப்பிடுவதும் இல்லை. வழியில் சுவர் வந்தால் நின்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன், நான் படித்து முடிக்கும்வரை அதுவும் நிற்கிறது. பிறகு இருவரும் நடக்கிறோம். இதுவரை அது திரும்பிப் பார்க்கவில்லை. கையும் இன்னும் உயரவில்லை.