சார்ஜர் முனையைப் பிடித்திருந்தவள்

ரைஃபிள் ரேஞ்ச் ஃபிளாட்டில் ஒன்பதாம் மாடியில் இருந்த நூர்ஜானைத் தெரியாத ஆள் உறவில் கிடையாது. யார் பிள்ளை யாரைக் கட்டியது, எந்தக் கப்பலில் யார் வந்து இறங்கியது என்று கேட்டால், நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே சொல்லிவிடுவாள். அவள் புருஷன் சீனி முகம்மதுக்கு அந்த ஞாபகமெல்லாம் இல்லை. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். காதில் விழுந்ததைத் தாளில் ஏற்றினால்தான் அவருக்கு நிம்மதி.

தொண்ணூற்று மூன்றில் அவர் வேலையை விட்டு நின்றபோது, ஆபீசில் தூக்கிப்போட வைத்திருந்த பழைய லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். கல் மாதிரி கனம். பேட்டரி செத்தது செத்ததுதான், சார்ஜரைச் செருகினால் மட்டும் உயிர் வரும். அதில் உறவுக்காரர் பேரையெல்லாம் குடும்பம் குடும்பமாக அடித்து, வீட்டுக்கு ஒரு படி கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பேர் சொல்ல நூர்ஜான், அடிக்க அவர்.

ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் சார்ஜர் முனைக்குப் பக்கத்தில், ஒயர் வளைகிற கழுத்தில், உள்ளே கம்பி இற்றுப்போனது. முனையைக் கொஞ்சம் தூக்கி இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் பச்சை விளக்கு எரியும். கையை எடுத்தால் அணையும், அதுவரை அடித்த பேரும் போய்விடும்.

"நூரு, உன் கிலாங்ல ராத்திரி பூரா இதைத்தானே பண்றே? ஒரு சொட்டு ஈயம் வச்சா சரியாகாதா?" என்று கேட்டார் சீனி முகம்மது.

கிலாங் என்றால் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி. அங்கே நூர்ஜான் இருபத்தோரு வருஷமாக சோல்டர் அடித்துக்கொண்டிருந்தாள். முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வார்த்து மூடினதுங்க. திறந்தா உடைஞ்சிரும். நான் பிடிச்சிக்கிறேன், நீங்க அடிங்க."

வார்த்து மூடியது நிஜம். ஆனால் அதை வெட்டிப் போட்டுவிட்டு வேறு முனை வைக்கலாம், பத்து நிமிஷ வேலை. அது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் வேலையில் இருந்த வரைக்கும் பகலில் அவர் போவார், அவள் ராத்திரி ஷிஃப்டுக்கு ஃபேக்டரி பஸ் ஏறுவாள். பெருநாள் அன்றைக்குத்தான் இரண்டு பேர் தட்டும் ஒன்றாகச் சாப்பாட்டுக்கு இறங்கும். இப்போது அந்த மனிதர் பக்கத்தில் உட்காரச் சொல்கிறார். யார் வேண்டாம் என்பாள்?

அதற்கடுத்த வருஷம் அவளும் வேலையை விட்டாள். அதன் பிறகு தினம் சாயங்காலம் அஸர் தொழுது முடித்ததும் மேசைக்கு வந்துவிடுவார்கள். அவள் இடது கை முனையைப் பிடித்திருக்கும், அவர் இரண்டு விரலால் அடிப்பார்.

"உங்க பெரியம்மா மகன் முகம்மது சுல்தானுக்கு ரெண்டு சம்சாரம். எழுதுங்க."

"மூத்தது பேரு என்ன?"

"மூத்ததை முதல்ல போட்டா இளையது கோவிச்சுக்கும்."

"ரெண்டும் மௌத்தாகி இருபது வருசம் ஆச்சுலா! யாரு கோவிக்கிறது?"

"இளையவ பேத்தி சலேஹா பாலிக் புலாவ்ல இருக்காளே. வருசா வருசம் டுரியான் பழக் கூடை யாரு அனுப்புறா?"

"சரி சரி, இளையதே முதல்ல இருக்கட்டும்."

நடு நடுவே கேட்பார். "கை வலிக்குதா நூரு?"

"வலிக்கல."

"அப்போ இன்னும் ஒரு குடும்பம் போட்டுடலாமா?"

இப்படி நாலு வருஷம். தொண்ணூற்று எட்டில் ஒரு காலை, சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார், மௌத்தாகிவிட்டார். நூர்ஜான் இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாசம் பத்து நாள் வாசற்படி தாண்டக் கூடாது.

அதே மாடியில் இரண்டு வீடு தள்ளி இருந்தவள் சீனி முகம்மதுவின் தங்கை ஹமீதா. அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவாள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நாலு நாள் இருக்கும்போது வந்து சொன்னாள்.

"மதினி, நாப்பதுக்கு எல்லா சனமும் வரும். நானா அடிச்ச பேரெல்லாம் அன்னைக்கே கையில குடுத்துடுவோம். என் மகன் அலாவுதீன் கே.எல்.லேர்ந்து வர்றான், பிரிண்ட் பண்ணித் தர்றேங்குறான்."

மேசை விரிப்பைத் தூக்கி, மிஷினைத் திறந்து, நூர்ஜான் முனையைப் பிடித்தாள். தூக்கினாள், சாய்த்தாள். விளக்கு எரியவில்லை.

"இன்னும் கொஞ்சம் வளைங்க மதினி."

"வளைச்சுட்டேன் புள்ள."

"நானா இருந்தப்போ எரிஞ்சுதே!"

சொன்ன பிறகுதான் ஹமீதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். இற்றுக்கொண்டே வந்த கம்பி முழுசாக அறுந்துவிட்டது. நாலு வருஷத்துப் பேச்சு முழுக்க அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் கிடந்தது. வேறு எங்கேயும் ஒரு வரி இல்லை.

ஹமீதா கீழே ரேடியோ ரிப்பேர்காரரிடம் ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் சோல்டர் அடிக்கிற அயனும் ஈயச் சுருளும் இருந்தன.

"கம்ப்யூட்டர்னா கிட்டவே வரமாட்டாராம். கெட்டுப்போனா பழி அவர் தலையில விழுமாம். உங்க மதினி ஃபேக்டரிக்காரிதானே, அவங்களே செய்யட்டும்னு இதைக் குடுத்துட்டாரு. கடையில ரெண்டு முனை வாங்கினேன் பாருங்க."

ஒன்று துளைக்குள் நுழையவே இல்லை. மற்றது உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது.

சீனி முகம்மது ஆணி, பழைய சாவி, மூக்குக்கண்ணாடிக் கால் என்று எதையும் எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். ஏதாவது ஒத்துவருமா பார்க்கலாம் என்று நூர்ஜான் கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்துக் கொட்டினாள். சாவிகளுக்கு நடுவே ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, வாய் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே புது சார்ஜர் முனை. பையோடு கடைச் சீட்டும் ஒட்டியிருந்தது. ஜூன், தொண்ணூற்று நாலு.

கம்பி இற்றது அந்த வருஷம் ஏப்ரலில். முனையை எடுத்துத் துளையில் வைத்துப் பார்த்தாள். அளவெடுத்து வாங்கியது போல உட்கார்ந்தது. நூர்ஜான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாங்கி வச்சுட்டு மறந்துட்டாரு போல" என்றாள் ஹமீதா.

"ஆமா" என்றாள் நூர்ஜான். "உங்க நானாவுக்கு மறதி ஜாஸ்தி."

கை வலிக்குதா நூரு என்று அவர் கேட்ட அத்தனை நாளும், முனை இந்த டின்னில் இருந்திருக்கிறது. அவள் ஒரு தரம் வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருப்பார். அவள் சொல்லவே இல்லை.

எழுந்து மேசைக்கு வந்தாள். சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, இற்ற இடத்துக்கு இரண்டு விரல் கடை இந்தப் பக்கமாக ஒயரை வெட்டினாள். மேல்தோலைச் சீவினாள். உள்ளே நடுக்கம்பி ஒன்று, அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய கம்பிகள். வெட்டிப்போட்ட பழைய முனையையும் கத்தியால் பிளந்து, எது எங்கே போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். நடுக்கம்பி உள்ளே, முடிக்கம்பி வெளியே. மாற்றி வைத்தால் மிஷினே எரிந்துபோகும். அயன் சூடேறியது. கை பழைய பழக்கத்தில் தானாக வேலை செய்தது. இரண்டு சொட்டு ஈயம் கண்ணாடி மணி போலப் பளபளவென்று நின்றது.

"மாஷா அல்லாஹ்!" என்றாள் ஹமீதா. அப்புறம் புது முனையோடு வந்து மேசையில் கிடந்த கறுப்புக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். "இந்த மூடி எங்க போகும் மதினி?"

நூர்ஜான் பார்த்தாள். ஈயம் வைப்பதற்கு முன்னாலேயே ஒயரில் கோத்திருக்க வேண்டிய மூடி. இனி அது உள்ளே போகாது.

"அது ரோஹானா வேலை" என்றாள்.

"யாரு அந்த ரோஹானா?"

"எனக்கு முந்தின சீட்டு. மூடியெல்லாம் அவ கோத்து எங்கிட்ட தள்ளிவிடுவா. நான் சோல்டர் மட்டுந்தான். இத்தனை வருசத்துல ஒரு மூடி கோத்ததில்ல புள்ள!"

ஹமீதா வாயைப் பொத்தினாள், முடியவில்லை. நூர்ஜானுக்கும் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நானா இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஊர் பூராவும் மானத்தை வாங்கியிருப்பார் என்று ஹமீதா சொல்ல, சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. நூர்ஜான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈயத்தை உருக்கிக் கழற்றி, முதலில் மூடியைக் கோத்து, மறுபடி வைத்தாள். டார்ச் லைட்டின் பல்பையும் பேட்டரியையும் ஒயரில் சேர்த்து, பல்ப் எரியாததைப் பார்த்து, இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடவில்லை என்று உறுதி செய்துகொண்டாள். மூடியைத் திருகினாள்.

பிஸ்மில்லா சொல்லிச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி இரண்டு தரம் முக்கி முனகிக் கண்ணைத் திறந்தது. ஹமீதா விசையைத் தட்டத் தட்ட, பேர்கள் இங்கிலீஷ் எழுத்தில் வரிசையாக ஏறி வந்தன. இளையதுதான் முதலில், மூத்தது அடுத்து. கடைசி வரியில் சலேஹா, பாலிக் புலாவ். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"சலேஹா பிள்ளைங்க பேரு விட்டுப்போச்சு மதினி."

"ஆமா. அன்னைக்கு மஃரிபுக்கு பாங்கு சொல்லிட்டாங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னாரு."

ஹமீதா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொல்லுங்க, நான் அடிக்கிறேன். அலாவுதீன் வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்." அப்போதுதான் அவள் மதினியின் இடது கையைப் பார்த்தாள். அது முனையைப் பிடித்து, கொஞ்சம் தூக்கி, இடப்பக்கம் சாய்த்திருந்தது.

"கையை எடுங்க மதினி. அதான் தானா எரியுதே."

"எரியட்டும்" என்றாள் நூர்ஜான். "மூத்த மக பேரு சித்தி ஆயிஷா. அடி."