பாண்டிமீனாவுக்கு வேண்டியிருந்த சண்டை

பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் பாண்டிமீனாவைக் கொடுத்துவைத்தவள் என்று சொல்லாத பெண் அந்தத் தெருவில் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன். அளவெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி, "ஒனக்கென்ன மீனா, புருசன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசமாட்டாரு" என்றேன். அவள் இஞ்சு டேப்பை என் தோளிலேயே போட்டுவிட்டு, "அதுதான்க்கா எனக்கு வயித்தெரிச்சல்" என்றாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்ததில் என் ஜாக்கெட் ஒரு வாரம் தள்ளிப்போனது. எனக்கு வருத்தமில்லை.

அவள் புருஷன் தமிழ்மாறனுக்கு ஆரப்பாளையத்தில் பைக் உதிரிபாகக் கடையில் வேலை. வீடு சமயநல்லூரில். குடி கிடையாது, சீட்டு கிடையாது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் வீட்டில் அதிகம் பேசிய வார்த்தை 'சரி'. பீரோவைக் கிழக்கே நகர்த்தலாமா என்றால் சரி. வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றாலும் சரி. உங்க தங்கச்சி என்னை மதிக்கிறதே இல்லை என்றால் அதற்கும் சரி. ஒருநாள் வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். முழுசும் சாப்பிட்டு, கைகழுவி, "நல்லாருந்துச்சு" என்று போய்ப் படுத்துவிட்டான். ஐயோ, எவ்வளவு நல்ல மனுஷன் என்று உருகுகிறவர்கள் அந்தக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு உருகட்டும்.

இப்படிப்பட்ட ஆள் தொண்டை கிழியக் கத்துவான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கத்த வைத்தது ஒரு படம்.

படத்தின் பேர் 'செங்கழுகு'. மலையடிவாரத்து லாரி டிரைவர் ஒருவனுக்குச் சிறகு முளைத்து, பறந்து பறந்து ஊரைக் காப்பாற்றுகிற கதை. வந்தபோது பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், பாதிப் பேர் இடைவேளையிலேயே எழுந்து போனார்கள். தயாரிப்பாளர் நாற்பது நிமிஷத்தை வெட்டிவிட்டார், உயிரே அதில்தான் இருந்தது என்று டைரக்டர் எங்கோ பேட்டி கொடுத்துவிட, தமிழ்மாறனும் அவன் சேக்காளிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அந்த நாற்பது நிமிஷத்தையும் சேர்த்து 'டைரக்டர் கட்' என்று தியேட்டருக்கே மறுபடி அனுப்பப்போவதாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான். தினமும் வேலை முடிந்து வந்ததும் செல்போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, பத்துப் பன்னிரண்டு பேரோடு குரூப் காலில் விவாதம். வெட்டுப்பட்டதால் படம் கெட்டதா, கெட்ட படம் என்பதால்தான் வெட்டினார்களா? இதுதான் வழக்கு.

வெட்டியதால்தான் கெட்டது, முழுப் படம் வந்தால் எல்லாரும் வாயை மூடுவார்கள் என்பது தமிழ்மாறன் கட்சி. எதிர்க்கட்சிக்குத் தலைவி திவ்யா. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவள், வாயைத் திறந்தால் எதிரில் நிற்க முடியாது.

"அண்ணே, ஊசிப்போன சாம்பார்ல இன்னும் ரெண்டு கரண்டி சாம்பார் ஊத்துனா அது நல்ல சாம்பார் ஆயிருமா?" என்பாள் திவ்யா.

"ஏய், நீ என்ன பேசுற? எந்தச் சீனு ஊசிப்போயிருக்கு, சொல்லு பாப்போம்! முழுசாப் பாக்காம எப்பிடி நீ தீர்ப்புச் சொல்லலாம்?" என்று தட்டு அதிரக் கையை ஓங்குவான் தமிழ்மாறன். அவன் கண் மின்னும். நெற்றி நரம்பு புடைக்கும். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை வரும்.

பாண்டிமீனா கரண்டியோடு நின்று அதைப் பார்ப்பாள். வயிறு பற்றி எரியும்.

தப்பாக நினைக்க வேண்டாம். திவ்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை கோயம்புத்தூரில் இருக்கிறான். தமிழ்மாறன் அவளைத் தங்கச்சி மாதிரிதான் நடத்தினான். பாண்டிமீனாவுக்கு அந்தச் சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. "கட்டிப்பிடிச்சிருந்தாக்கூட ரெண்டு அறை விட்டு முடிச்சிருப்பேன்க்கா. அவகூடச் சண்டைல்ல போடுறாரு! என் மூஞ்சியப் பாத்து ஒருதடவை, ஒரே ஒரு தடவை, நீ சொல்றது தப்புன்னு சொல்லிருப்பாரா?" என்று என்னிடம் கேட்டாள். அந்தச் சண்டை தனக்கு வேண்டும், திவ்யாவுக்குக் கிடைப்பது தனக்கும் கிடைக்க வேண்டும். வேறெதுவும் அவளுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

இந்த நிலைமையில் பிளெக்ஸ் வேறு வந்து சேர்ந்தது.

நம் ஊரில் காதுகுத்துக்கு பிளெக்ஸ், சடங்குக்கு பிளெக்ஸ், எட்டாம் வகுப்பு பாஸானாலும் பிளெக்ஸ். விவாதத்துக்கு மட்டும் இல்லாமல் இருக்குமா? டைரக்டர் கட் வருகிற வாரம், குரூப்பில் ஒருவனான மொக்கையன் தன் பிளெக்ஸ் கடையில் ஒன்று அடித்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கட்டிவிட்டான். இடது பக்கம் கூலிங்கிளாஸோடு தமிழ்மாறன், வலது பக்கம் திவ்யா. அவள் அனுப்பிய போட்டோ அவளுடைய நிச்சயதார்த்தத்தில் எடுத்தது. பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, மாலை எல்லாம் இருந்தது. புதிதாக டிசைன் போட மொக்கையனுக்குச் சோம்பல். கல்யாண பிளெக்ஸுக்கு வைத்திருந்த ரோஜாப்பூ பார்டரையே போட்டிருந்தான். கீழே வரிசையாகக் கைகூப்பிய ஆதரவாளர் தலைகள். 'மாபெரும் விவாதம்' என்ற எழுத்து அந்தத் தலைகளுக்கு நடுவே எங்கோ கிடந்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து யார் அதைப் படிப்பார்கள்?

முதல் போன் வாடிப்பட்டியிலிருந்து வந்தது. பாண்டிமீனாவின் அம்மா ஒச்சாயி.

"ஏண்டி, ஆரப்பாளையத்துல ஒம் புருசனுக்குக் கல்யாணம்னு பிளெக்ஸ் கட்டியிருக்காய்ங்களாமே, நெசமா? பொண்ணு நல்லா லெச்சணமா இருக்குன்னு வேற சொல்றாய்ங்க!"

"அது சினிமா பிளெக்ஸும்மா."

"சினிமாவுல நடிக்கப் போறாரா? யாரைக் கேட்டு?"

அம்மாவுக்குப் புரியவைத்துப் போனை வைப்பதற்குள் நாத்தனார், நாத்தனாருக்குப் பிறகு மிஷின் ரிப்பேர் பார்க்க வருகிறவர். மத்தியானம் கடைக்கு வந்த பெண்கள் எதுவும் கேட்காமல் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் புருஷனிடம் கொட்டினாள். அவன் சிரிசிரி என்று சிரித்தான். "கழட்டச் சொல்லுங்க மாமா" என்றாள். "சரி" என்றான். கழற்றவில்லை. குரூப் காலில் இந்தக் கதையைச் சொல்லி மறுபடி சிரித்தான், திவ்யாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஸ்பீக்கரில் அடுப்படி வரைக்கும் வந்தது.

பாண்டிமீனா மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்தினாள். தீபாவளிக்கு முந்தின நாள்கூடக் கடையைச் சாத்தாதவள். பஸ் ஏறி, தனியாகப் போய், டைரக்டர் கட்டைப் பார்த்தாள். பழைய படத்தை அவனோடு முதல் நாளே பார்த்தவள்தான். அன்றைக்குப் பைக்கில் திரும்பி வந்ததைப் பற்றி என்னிடம், "எப்பிடி இருந்துச்சுன்னு என்னைய ஒரு வார்த்தை கேப்பாருன்னு ஆரப்பாளையத்துல இருந்து சமயநல்லூர் வரைக்கும் காத்திருந்தேன்க்கா" என்றாள். அவன் கேட்கவில்லை.

இந்தப் படத்தில் சண்டை நீளம், பறப்பது நீளம், வில்லன் அழுவது ரொம்ப நீளம். ஆனால் நடுவில் ஒரு சீன் இருந்தது. பழைய படத்தில் ஹீரோவின் பெண்டாட்டி இரண்டு தடவை வந்து காபி கொடுத்துவிட்டுப் போவாள். புதியதில், அடிபட்டு விடியக்காலையில் வீடு வருகிற ஹீரோவுக்கு அவள் சோறு போடுகிறாள். அவன் முதுகிலிருந்து சட்டையில் ரத்தம் ஊறுகிறது. அவள் பார்க்கிறாள். ஊருக்காகப் பறப்பது தன் புருஷன்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒன்றும் கேட்காமல் ரசம் ஊற்றுகிறாள். பின்னால் வயலின் வாசிக்கிறார்கள். தியேட்டரில் ஆள் ஆளுக்கு மூக்கை உறிஞ்சினார்கள்.

பாண்டிமீனாவுக்கு ரத்தம் கொதித்தது.

நாலு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். குரூப் கால் தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

"நான் படம் பாத்தேன்" என்றாள். "அந்தச் சோறு போடுற சீன்தான் பெரிய சீன்னு நீங்க சொல்லுறீங்க. தேவையில்லாத இழுவைன்னு அந்தப் புள்ள சொல்லுது. ரெண்டு பேரு சொல்றதும் தப்பு. அவ பேசாம இருக்கிறது பாசம்னு காட்டுறாய்ங்க பாருங்க, அது பொய்யி. ஊருக்கெல்லாம் பறக்குறவன் வீட்டுல வந்து ஒரு வார்த்தை சொல்லல. அவள ஒரு ஆளா நெனைக்கல. பழைய படத்துல அவன் ஹீரோ. இந்தப் படத்துல அவன் வெறும் புருசன். அதுனாலதான் இது நல்ல படம், அதை எடுத்தவனுக்கே அது தெரியல."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. நாலு நாளாக மிஷினை மிதித்துக்கொண்டே மனசுக்குள் ஒத்திகை பார்த்த தைரியம். இப்போது கையை ஓங்குவான், ஏய் என்பான், எந்தச் சீன் என்பான் என்று காத்திருந்தாள்.

தமிழ்மாறன் தட்டிலிருந்த ரசத்தை வழித்துக் குடித்தான்.

"சரி" என்றான். "மோர் இருக்கா?"

மோர் இருந்தது. ஊற்றினாள். அன்றைக்கு அவன் தலைவலி என்று குரூப் காலில் சேரவில்லை. அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சொம்பு, சொம்பில் செல்போன், செல்போனில் திவ்யா. சோறு போடுகிற சீனை அவள் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்மாறன் தொண்டையைக் கனைத்தான்.

"திவ்யா, நீ அந்தச் சீனைத் தப்பாப் பாக்குற. அவ பேசாம இருக்கிறது பாசம் கிடையாது. அவன் அவள ஒரு ஆளா மதிக்கலைங்கிறதுதான் அதுல விசயம். பழைய படத்துல அவன் ஹீரோ. இதுல வெறும் புருசன். இதை எடுத்த டைரக்டருக்கே தெரியாமக்கூட இருக்கலாம்."

திவ்யா, "அண்ணே, செம அண்ணே! நான் இப்பிடி யோசிக்கவே இல்ல. இத்தனை நாள்ல நீங்க பேசுனதுலயே இதுதான் பெஸ்ட்டு. இந்தச் சீனை மட்டும் நான் விட்டுக்குடுக்குறேன்" என்றாள். மொக்கையன் விசில் அடித்தான்.

தோசைக் கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது. இதுவரைக்கும் திவ்யாவைப் பார்த்து எரிந்ததெல்லாம் சும்மா என்று பாண்டிமீனாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் வாயில் வந்தபோது 'சரி, மோர் இருக்கா' ஆன பேச்சு, அவன் வாயில் விசில் வாங்குகிறது. தன் வார்த்தைகளைப் பார்த்தே அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

தோசைக் கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். குனிந்து செல்போனிடம், "அது நான் சொன்னது" என்றாள்.

"யாரு?" என்றாள் திவ்யா.

"நான் பாண்டிமீனா. நேத்து சோத்துக்கு ஒக்காந்திருக்கையில இவருகிட்ட நான்தான் சொன்னேன். ஒரு வார்த்தை மாத்தாம அப்பிடியே சொல்லிட்டாரு."

"அக்கா, நீங்களா?" திவ்யாவின் குரலில் கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்க படமெல்லாம் பாப்பீங்களா? ஒங்களையும் கால்ல சேக்கச் சொல்லி நான் எத்தனை தடவை அண்ணன்கிட்ட கேட்டிருக்கேன்! அவளுக்கு இதெல்லாம் புரியாது, தையல் மிஷின விட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாரேக்கா!"

தமிழ்மாறன் பாய்ந்து போனை அணைத்தான். சொம்பு உருண்டு தண்ணீர் கூடமெல்லாம் ஓடியது. அவன் முகம் சிவந்து, நெற்றியில் அந்த நரம்பு புடைத்திருந்தது.

"ஏய்! ஒனக்கு அறிவிருக்கா? நாலு பேரு இருக்கிற எடத்துல புருசன அசிங்கப்படுத்துவியா? அம்புட்டுப் பேரும் இனி என்னையப் பத்தி என்ன பேசுவாய்ங்க? நீ சொன்னத நான் எடுத்துச் சொன்னா என்ன, கொறைஞ்சா போயிருவ?"

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவளைப் பார்த்துக் கத்தினான். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பாண்டிமீனா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவனுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள்.

"கத்துறதுன்னா நல்லாக் கத்துங்க மாமா" என்றாள். "ஆனா படத்தைப் பத்திக் கத்துங்க."