தூசிக்குள் வந்த லொறி

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேணுக்கு வந்து எங்களுக்கு இரண்டாவது வருடம். நானும் மனைவி ரஞ்சியும் யாரா ஆற்றுப் பள்ளத்தாக்கின் கிரவல் ரோட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள், அறுவடைக் காலம். தொலைவில் கோட்டை போலத் தெரிந்த பழைய மாளிகையைப் பூட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

பழம் ஏற்றிய லொறி ஒன்று எங்களைக் கடந்து போனது. கிளம்பிய தூசியில் ரோடே மறைந்துவிட்டது.

“நில்லுங்கோ, தூசி அடங்கட்டும்,” என்றாள் ரஞ்சி.

“நேரமில்லை. நீர் பின்னாலை வாரும்,” என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

தூசிக்குள் இன்னொரு லொறியின் சத்தம் கேட்டது. எந்தப் பக்கமென்று தெரியவில்லை. பிரேக்கை இறுக்கினேன். சில்லு வழுக்கி, மழைத்தண்ணீர் வடிய வெட்டிய ரோட்டோரக் கானுக்குள் போய் விழுந்தேன். மறுகணம் எதிரே வந்த லொறி என் சைக்கிள்மேல் ஏறிப் போனது.

“இஞ்சருங்கோ! எங்கை நிக்கிறியள்?”

விழுந்த அடியில் மூச்சடைத்து, எனக்குக் குரல் வரவில்லை. தூசி விலகியபோது, நசுங்கிக் கிடந்த சைக்கிளைத் தூக்கி, அதற்கடியில் ரஞ்சி என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தினேன். ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

இப்போதெல்லாம் முன்னால் தூசி எழுந்தால் ரோட்டை விட்டு இறங்கி நின்றுவிடுகிறேன். “இனிப் போகலாம்” என்று ரஞ்சி சொன்ன பிறகுதான் சைக்கிளில் ஏறுகிறேன்.