சாஸரில் குளித்த ராஜா

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மட்டாஞ்சேரி கொச்சங்காடியில், ஒரு சுக்குக் கிடங்குக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மீதி நேரமெல்லாம் அவருக்குத் தபால்தலைதான். அதிலும் கொச்சி ராஜா காலத்துத் தலைகள் மட்டும். வேறு எதைக் கொடுத்தாலும், "குழந்தைகள் விளையாடட்டும்" என்று தள்ளிவிடுவார்.

அவரிடம் ஒரு பொக்கிஷம் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு தலையின் விலை மாறினால், ராஜா படத்தின் மேலேயே கறுப்பு மையில் புது விலையை அச்சடிப்பார்களாம். அச்சகத்தில் யாரோ ஒரு தாளைத் திருப்பி வைத்துவிட, எழுத்து தலைகீழாக விழுந்துவிட்டது. அந்தத் தாளிலிருந்து பிழைத்து வந்தது என்று சொல்லி, பஜாரில் பழைய சாமான் கடை வைத்திருந்தவர் இவருக்கு விற்றிருந்தார். தப்புக்குத்தான் மதிப்பு என்பது எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கலூரிலிருந்து அவருடைய சிநேகிதர் வருவார். வங்கி உத்தியோகம். எர்ணாகுளத்தில் போட் ஏறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ராஜா சௌக்கியமா?" என்பார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். பொறாமை தாங்காமல் அதே கடைக்காரரை நச்சரித்து அவரும் ஒரு தலைகீழ் ராஜாவை வாங்கினார். ஆனாலும் அந்த வருஷத்துத் தபால்தலைக் கண்காட்சியில் பரிசு என் கணவருக்குத்தான். நடுவர்கள் ஆளுக்கொரு லென்ஸோடு குனிந்து பார்த்துவிட்டு, அசல் என்று கைகுலுக்கினார்கள்.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், இவர் அதை மேஜைமேல் வைத்து ரசித்துக்கொண்டிருந்தார். உத்தரத்தில் பல்லி.

"ஏன்னா, பல்லி என்னமோ பண்ணிடுத்து."

"எங்கே?"

"ராஜா மூக்கு மேலே."

எனக்குத்தான் பதற்றம். அவர் நிதானமாக, "இதுக்கென்ன, வெள்ளத்துல போட்டாப் போறது. அச்சு மை அசையாது கேட்டியா" என்று சாயா சாஸரில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டார்.

மூக்கு சுத்தமானது. பிறகு தலைகீழ் எழுத்தும் புகைபோலப் பிரிந்து, தண்ணீரைக் கறுப்பாக்கிவிட்டுப் போயிற்று. எந்தக் கடையிலும் சும்மா கிடைக்கிற ராஜா ஒருவர் சாஸரில் மல்லாந்து கிடந்தார்.

இவர் சாஸரை விளக்குப் பக்கம் நகர்த்திப் பார்த்தார். "இத்தனை லென்ஸ் பார்த்துதே" என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பு முட்டியது, பாவமாகவும் இருந்தது. அடுக்களைக்குப் போய் சிரித்துவிட்டு வந்து சாதம் போட்டேன். அவர் சாப்பிடவில்லை.

மழை விட்டதும் நேராகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன், சண்டை வந்தால் இழுத்துக்கொண்டு வரலாமென்று. கடைக்காரர் அசரவே இல்லை.

"சாரே, தலைகீழா அச்சடிச்சிருக்குன்னு சொன்னேன். தலைகீழாத்தானே இருந்தது? யாரு, எப்போ அச்சடிச்சான்னு சாரு கேட்கவே இல்லையே!"

 என் கணவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஞாயிறு சிநேகிதர் வந்து கதையைக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாதியில் சிரிப்பு சட்டென்று நின்றது. தன்னுடையது ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. சாயாவைத் தொடாமல் அடுத்த போட்டைப் பிடித்தார். மறு வாரம் வரவில்லை. நாங்கள் கலூருக்குப் போய்ப் பார்த்தோம். மேஜைமேல் அவருடைய ராஜா, பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர், எதிரில் அவர்.

"தினம் இப்படித்தான் மன்னி. தண்ணியை மட்டும் மாத்தி வைக்கறார்" என்றாள் அவர் மனைவி.

"போடுடா, தெரிஞ்சுபோகும்" என்றார் இவர்.

"எதுக்குத் தெரியணும்? வெள்ளத்துல போடற வரைக்கும் இது அசல்தான்." கிண்ணத்தை எடுத்துப் போய்த் துளசிக்கு ஊற்றிவிட்டார். கடைசிவரை போடவே இல்லை.

என் கணவருக்கு வேறு கிறுக்கு பிடித்தது. இனிமேல் கள்ளத் தலைகள் மட்டும்தான் சேர்ப்பேன் என்றார். ஓரத்துப் பற்களைப் புதிதாக வெட்டியது, கிழிசலை மாவுப் பசை வைத்து மூடியது, வெயிலில் காயவைத்து நிறம் மாற்றியது என்று வீடு முழுக்கத் திருட்டு ராஜாக்கள். கடைக்காரரே தேடித்தேடி எடுத்து வைப்பார். அடுத்த கண்காட்சியில் கூட்டம் இவர் பலகை முன்னால்தான். ஒவ்வொரு மோசடியையும் சொந்தப் பிள்ளையைப்போல் காட்டி விளக்கினார். அப்படி நான் அவரைப் பார்த்ததில்லை.

அங்கேதான் வம்பு வந்தது. ஒரு நடுவர் அதிலிருந்த ஒரு தலைகீழ் எழுத்து ராஜாவைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இது கள்ளமில்லை என்றார். வீட்டுக்கு வந்து வெந்நீரிலேயே போட்டுப் பார்த்தோம். எழுத்து அசையவில்லை.

"கெடுத்துட்டானே! இந்தக் கூட்டத்துல ஒரு யோக்கியன் என்னத்துக்கு?"

"ஏன்னா, இதைத்தானே ஆயுசு முழுக்கத் தேடினேள்?"

"அது அப்போ."

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் முகம் வெளுத்ததை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்.

"அசலா? என் கடையிலேர்ந்தா? சத்தியமா எனக்குத் தெரியாது, சாரே!"

வேறு இரண்டு நல்ல கள்ளத் தலைகளைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் கைவிட்டுப் போன அசலின் விலையை நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். அவர் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, சீட்டியடித்தபடி முன்னால் நடந்தார்.